ஈமுக்களிடம் ஒரு நாடு போரில் தோற்றது உண்மையா?

பெருந்துறையான் (கேள்வி)

ஈரோடு மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். எங்கள் மாணவர்கள் மாதம் ஒருமுறை சுவரிதழ் ஒன்றைத் தயாரித்து நூலக வாயிலில் ஒட்டுவது வழக்கம். இம்மாத இதழுக்கு 'வரலாற்றில் விசித்திரங்கள்' என்று தலைப்பு வைத்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதிக்கொண்டு வந்த கட்டுரையின் முதல் வாக்கியம் இது: "1932ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா ஈமு பறவைகள்மீது போர் அறிவித்து, படுதோல்வி அடைந்து, சரணடைந்தது." எங்கே படித்தாய் என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் வந்தது என்றான்.

எங்கள் பகுதியில் ஈமு என்ற சொல்லுக்குத் தனி வரலாறு உண்டு. ஈமு வளர்ப்புத் திட்டங்களை நம்பிச் சேமிப்பைக் கொட்டி இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பிலேயே அமர்ந்திருக்கிறார்கள். 2012இல் அத்திட்டங்கள் சரிந்தபோது, தீனி போட ஆளில்லாமல் பறவைகள் கொட்டகைகளில் நின்ற காட்சியை நானே கண்டிருக்கிறேன். ஆகவே, ஈமு மனிதர்களைத் தோற்கடித்தது என்று எழுதினால் எங்கள் ஊரார் மறுபேச்சின்றி நம்பிவிடுவார்கள்; அதனால்தான் அச்சமாக இருக்கிறது.

ஒரு நாட்டின் இராணுவம் உண்மையிலேயே பறவைகளைச் சுடப் புறப்பட்டதா, புறப்பட்டது என்றால் அதற்குக் காரணம் என்ன, எத்தனை பறவைகள் இறந்தன என்பவற்றை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். ஒரு பன்றிக்காக அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிக்கொண்டன, ஒரு நாய்க்காக இரண்டு நாடுகள் சண்டையிட்டன என்றும் பிற மாணவர்கள் எழுதி வந்திருக்கிறார்கள். சுவையான செய்தி என்பதற்காகவே ஒன்றை நீக்கிவிட எனக்கு மனமில்லை; சுவையானது என்பதற்காகவே ஒன்றை ஒட்டிவிடவும் மனமில்லை.

பழைய ஏடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மாணவனின் வாக்கியத்தில் ஆண்டு சரி, நாடு சரி, பறவை சரி. வினைச்சொற்கள் மூன்றும் தவறு. ஆஸ்திரேலியா போர் அறிவிக்கவில்லை. 'ஈமு போர்' என்பது பத்திரிகைகள் கேலியாகச் சூட்டி நிலைத்துவிட்ட பெயர். சரணடைவதற்கும் அங்கே எவரும் இல்லை. ஆயினும் நடந்தது வாட்ஸ்அப் செய்தியைவிடச் சுவையானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் உலகப் போர் முடிந்ததும், திரும்பி வந்த வீரர்களுக்கு நிலம் கொடுத்து உழவர்களாகக் குடியமர்த்தும் திட்டத்தை ஆஸ்திரேலிய அரசு நடத்தியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படி நிலம் பெற்றார்கள். அவர்களுள் பலருக்குக் கிடைத்தது மழை குறைந்த, கோதுமை விளைச்சலுக்கு விளிம்பாக இருந்த நிலம். 1929இல் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியபோது, கோதுமையை இன்னும் அதிகமாக விளைவியுங்கள், மானியம் தருகிறோம் என்று அரசு ஊக்கப்படுத்தியது. கோதுமை விளைந்தது, விலை வீழ்ந்தது, வாக்களித்த மானியம் வரவில்லை. 1932 அக்டோபரில், அறுவடையைக் கொடுக்கவே மாட்டோம் என்று உழவர்கள் மிரட்டும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஈமுக்கள் வந்தன. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் உள்நாட்டு வறண்ட பகுதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக நகர்வது அவற்றின் இயல்பு. வழியில், காடு திருத்தப்பட்ட வயல்களும் கால்நடைகளுக்காக அமைத்த நீர்த்தேக்கங்களும் இருந்தால் அவை ஏன் மேலே நடக்கப் போகின்றன? கேம்பியன், வால்கூலன் ஆகிய ஊர்ப்புறங்களில் ஏறக்குறைய 20,000 ஈமுக்கள் கோதுமை வயல்களில் இறங்கின. தின்றது ஒரு பங்கு என்றால் மிதித்தது இன்னொரு பங்கு. அதோடு, முயல்களைத் தடுக்கப் போட்டிருந்த வேலிகளை ஈமுக்கள் பிய்த்துவிட, அந்த ஓட்டை வழியாக முயல்களும் உள்ளே வந்தன.

முன்னாள் வீரர்களாகிய உழவர்கள் இந்த முறையீட்டை வேளாண்துறைக்குக் கொண்டுபோகவில்லை. பாதுகாப்பு அமைச்சர் சர் ஜார்ஜ் பியர்ஸிடம் கொண்டுபோனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இயந்திரத் துப்பாக்கி என்ன செய்யும் என்பதைப் போர்முனையில் நேரில் பார்த்தவர்கள் அவர்கள். ஆகவே கேட்டதும் அதைத்தான். அமைச்சர் ஒப்புக்கொண்டார். ஆனால் துப்பாக்கியை இராணுவத்தினரே கையாள வேண்டும், போக்குவரத்துச் செலவை மாநில அரசு ஏற்க வேண்டும், உணவும் இருப்பிடமும் தோட்டாவுக்கான பணமும் உழவர்கள் தர வேண்டும் என்று நிபந்தனைகள் விதித்தார். வீரர்களுக்கு இது நல்ல குறிபார்க்கும் பயிற்சியாக அமையும் என்றும் ஒரு வாதம் சொல்லப்பட்டது.

புறப்பட்ட 'படை' எவ்வளவு பெரியது என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். பட்டாளம், பீரங்கி வண்டி என்றெல்லாம் சொல்வார்கள். அரச ஆஸ்திரேலியப் பீரங்கிப் படையைச் சேர்ந்த மேஜர் மெரெடித்தும் அவருக்குக் கீழ் இரண்டு வீரர்களும் மட்டுமே சென்றார்கள். கையில் இரண்டு லூயிஸ் வகை இயந்திரத் துப்பாக்கிகளும் 10,000 தோட்டாக்களும் இருந்தன. குதிரைப்படை வீரர்களின் தொப்பியில் செருகுவதற்கு இறகு வேண்டும் என்பதால் நூறு ஈமுத் தோல்களைக் கொண்டுவரும்படியும் அவருக்கு உத்தரவு இருந்தது. எனவே, புறப்பட்டவர்கள் வெற்றியில் ஐயமே இல்லாமல் புறப்பட்டார்கள் என்று கொள்ளலாம்.

அக்டோபரில் தொடங்க வேண்டிய வேலை மழையால் தள்ளிப்போனது. நவம்பர் 2ஆம் தேதி முதன்முதலாக ஐம்பது பறவைகள் தென்பட்டன. குண்டு எட்டாத தூரத்தில் நின்றன. உள்ளூர்க்காரர்கள் அவற்றை வளைத்துத் துப்பாக்கியின் முன்னே ஓட்டிவர முயன்றார்கள். ஆட்டு மந்தையைப் போல ஒன்றுசேர்ந்து வருவதற்குப் பதிலாக, அவை சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து திசைக்கொன்றாக ஓடின. நவம்பர் 4ஆம் தேதி ஓர் அணைக்கட்டின் அருகே மெரெடித் பதுங்கியிருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈமுக்கள் நேராக அவரை நோக்கி வந்தன. மிக அருகில் வரும்வரை பொறுத்திருந்து சுடத் தொடங்கினார். ஏறத்தாழப் பன்னிரண்டு பறவைகள் விழுந்ததும் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்வதற்குள் எஞ்சியவை போய்விட்டன.

அடுத்து, துப்பாக்கியை ஒரு லாரியின் மேல் ஏற்றினார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய பறவையை மேடுபள்ளமான வயலில் லாரியால் நெருங்க முடியவில்லை. குலுங்கிய குலுக்கலில் துப்பாக்கியைப் பிடித்திருந்தவரால் ஒரு குண்டுகூடச் சுட முடியவில்லை. குண்டு பட்டும் பல ஓடிக்கொண்டே இருந்தன என்பதை மெரெடித் வியந்து பேசியிருக்கிறார். இந்தப் பறவைகளின் தாங்கும் சக்தி கொண்ட ஒரு படைப்பிரிவு இருந்தால் உலகின் எந்தப் படையையும் எதிர்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. அதிகாரப்பூர்வ அறிக்கையில், தம் தரப்பில் உயிர்ச்சேதம் இல்லை என்றும் அவர் பதிவுசெய்தார். அதை எழுதும்போது அவர் சிரித்தாரா என்பதை அறிக்கையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

நவம்பர் 8ஆம் தேதி நாடாளுமன்றத்தில் இது பேச்சுக்கு வந்தது. படை திரும்ப அழைக்கப்பட்டது. இந்தப் போருக்குப் பதக்கம் உண்டா என்ற கேள்விக்கு, இதுவரை ஒவ்வொரு சுற்றிலும் வென்றிருப்பவை ஈமுக்கள், பதக்கமும் அவற்றுக்கே சேர வேண்டும் என்று எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கூறினார். நீங்கள் கேட்ட 'தோல்வி'க் கதையின் ஊற்று இந்தக் கேலியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் கதை அன்று முடியவில்லை. பறவைகள் வயல்களுக்குத் திரும்பின, உழவர்கள் மீண்டும் முறையிட்டார்கள், நவம்பர் 13 முதல் மெரெடித் மறுபடி களத்தில் இறங்கினார். டிசம்பர் தொடக்கத்தில் வாரத்துக்கு நூறு பறவைகள் என்ற அளவுக்குத் தேறினார். டிசம்பர் 10ஆம் தேதி வேலை முடித்துக்கொள்ளப்பட்டபோது அவர் கொடுத்த கணக்கு, 9,860 தோட்டாக்களுக்கு 986 பறவைகள் என்பதாகும். காயம்பட்டுப் பின்னர் இறந்தவை இன்னும் 2,500 இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

இருபதாயிரத்தில் ஆயிரம் போனது. அரசு தோற்றதா, உழவர்கள் தோற்றார்களா என்பதை உங்கள் மாணவர்களே பேசி முடிவு செய்யட்டும்.

சிற்றோடை

மேலே உள்ள விரிவான பதிலுக்கு நன்றி. ஒரே ஒரு ஐயம். 9,860ஐ 986ஆல் வகுத்தால் மிகச் சரியாக 10 வருகிறது. துப்பாக்கி சிக்குகிறது, லாரி குலுங்குகிறது, பறவைகள் நாலாபுறமும் ஓடுகின்றன. இத்தனைக்கும் பிறகு பத்துத் தோட்டாவுக்கு ஒரு பறவை என்று ஒன்றுகூடப் பிசகாமல் கணக்கு வருமா? நான் முப்பது ஆண்டுகள் தணிக்கைத் துறையில் வேலை பார்த்தவன். மீதியே விழாமல் வகுபடும் கணக்கைக் கண்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. எத்தனை தோட்டா போயிற்று என்பது கையிருப்பைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். எத்தனை பறவை விழுந்தது என்பதைப் பிறகு அதற்கு ஏற்றாற்போல் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது. எனவே மாணவர் 986 என்று எழுதுவதைவிட, 'மேஜர் தந்த கணக்கின்படி 986' என்று எழுதுவது நல்லது.

பழைய ஏடு

தணிக்கையாளர் ஐயா சொல்வது முற்றிலும் பொருத்தம். காயம்பட்டு இறந்தவை 2,500 என்ற எண்ணையும் அதே எச்சரிக்கையோடுதான் எழுத வேண்டும். அவற்றை எவரும் பின்தொடர்ந்து போய் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

கடல்வழி

பன்றிக் கதையை நான் எழுதுகிறேன். இது என் நெடுநாள் ஆர்வம். பன்றி உண்மை, தேதி உண்மை, போர்க்கப்பல்களும் உண்மை. ஆனால் மாணவர் 'பன்றிக்காக' என்று எழுதியிருந்தால் அந்த ஒரு சொல்லைத் திருத்த வேண்டும், ஏனெனில் பன்றி பிறப்பதற்கு முன்பே தகராறு பிறந்துவிட்டது.

1846 ஜூன் 15ஆம் தேதி, வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் தங்கள் எல்லை எது என்பதைப் பிரிட்டனும் அமெரிக்காவும் ஓர் உடன்படிக்கை மூலம் வகுத்துக்கொண்டன. நிலத்தில் 49ஆவது அட்சக்கோடு எல்லை. கடலை அடைந்ததும், வான்கூவர் தீவைக் கண்டத்திலிருந்து பிரிக்கும் கால்வாயின் நடுவே எல்லை தெற்கு நோக்கிச் செல்லும் என்று எழுதினார்கள். எழுதியவர்கள் கவனிக்கத் தவறியது என்னவென்றால், அங்கே பெரிய கால்வாய்கள் இரண்டு இருந்தன. மேற்கே ஹாரோ நீரிணை, கிழக்கே ரொசாரியோ நீரிணை, இரண்டுக்கும் நடுவே சான் யுவான் தீவுகள். மேற்குக் கால்வாய்தான் எல்லை என்று அமெரிக்கர்கள் சொன்னால் தீவுகள் அவர்களுக்கு. கிழக்குக் கால்வாய்தான் என்று பிரிட்டிஷார் சொன்னால் தீவுகள் இவர்களுக்கு. நம் ஊரில் 'வடக்கே வாய்க்கால்' என்று பத்திரத்தில் எழுதிவிட்டு, எந்த வாய்க்கால் என்று இரண்டு தலைமுறை வழக்காடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1853இல் பிரிட்டிஷ் தரப்பின் ஹட்சன் பே கம்பெனி சான் யுவான் தீவில் ஒரு பெரிய ஆட்டுப் பண்ணையை அமைத்தது. அதன் பொறுப்பாளர் சார்லஸ் கிரிஃபின். சில ஆண்டுகளில் அமெரிக்கர்கள் சிலரும் வந்து குடியேறினார்கள். அவர்களுள் ஒருவரான லைமன் கட்லர், தம் உருளைக்கிழங்குத் தோட்டத்தை ஒரு கறுப்புப் பன்றி கிளறித் தின்பதைப் பார்த்துச் சுட்டுவிட்டார். பன்றி கம்பெனிக்குச் சொந்தமானது. அது நடந்தது 1859 ஜூன் 15ஆம் தேதி. உடன்படிக்கை கையெழுத்தாகிச் சரியாகப் பதின்மூன்று ஆண்டுகள். கட்லர் பத்து டாலர் கொடுக்க முன்வந்தார் என்றும், கிரிஃபின் நூறு டாலர் கேட்டார் என்றும் சொல்வார்கள். பேரம் முறிந்தது, கட்லரைக் கைதுசெய்யப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது, அமெரிக்கக் குடியேறிகள் தங்கள் இராணுவத்திடம் பாதுகாப்புக் கேட்டார்கள்.

அங்கே தளபதியாக இருந்த ஹார்னி, பிரிட்டிஷாரைக் கண்டாலே ஆகாதவர் என்று பெயர் பெற்றவர். வாஷிங்டனைக் கேட்காமலே ஜூலை இறுதியில் கேப்டன் ஜார்ஜ் பிக்கெட்டின் தலைமையில் அறுபதுக்கும் சற்று மேற்பட்ட வீரர்களைத் தீவில் இறக்கினார். வான்கூவர் தீவின் ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ் பதிலுக்குப் போர்க்கப்பல்களை அனுப்பினார். ஆகஸ்டு 10ஆம் தேதி வாக்கில் தீவில் 461 அமெரிக்கர்களும் 14 பீரங்கிகளும். கடலில் ஐந்து பிரிட்டிஷ் கப்பல்களும் 70 பீரங்கிகளும் 2,140 பேரும். ஒரு பன்றி செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

கடற்படையினரை இறக்கி அமெரிக்கர்களை வெளியேற்றுங்கள் என்று ஆளுநர் கட்டளையிட்டபோது, ரியர் அட்மிரல் பேன்ஸ் மறுத்துவிட்டார். ஒரு பன்றியைப் பற்றிய சச்சரவுக்காக இரண்டு பெரும் நாடுகளைப் போரில் இழுத்துவிட மாட்டேன் என்பது அவர் பதிலின் சாரம். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த மனிதர் இவர்தான். அவர் கேட்டது ஆளுநரின் கட்டளையை. ஆனால் கணக்கிட்டது அதற்குப் பின்னால் வரப்போவதை.

இரண்டு தலைநகரங்களுக்கும் செய்தி போய்ச் சேர வாரக்கணக்கில் ஆயிற்று. தெரிந்தபோது இரு தரப்பும் திடுக்கிட்டன. அமெரிக்க அதிபர் புக்கானன், எழுபது வயதைத் தாண்டிய முதுபெரும் தளபதி வின்ஃபீல்டு ஸ்காட்டை அனுப்பி வைத்தார். இறுதித் தீர்வு கிடைக்கும் வரை இரு தரப்பும் தலா நூறு பேருக்கு மிகாமல் தீவில் இருக்கலாம் என்று உடன்பாடு ஆயிற்று. அமெரிக்க முகாம் தீவின் தென்முனையில். பிரிட்டிஷ் முகாம் வடமேற்கில். அந்த 'தற்காலிக' ஏற்பாடு பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. இடையில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போரே நடந்து முடிந்துவிட்டது. முதலில் தீவில் இறங்கிய அதே பிக்கெட், தென் மாநிலங்களின் பக்கம் சேர்ந்து, 1863இல் கெட்டிஸ்பர்க் களத்தில் பெயர்போன தாக்குதல் ஒன்றை நடத்தித் தோற்றார். தீவிலோ, ஒருவர் முகாமுக்கு மற்றவர் விருந்துக்குப் போவதும், ஒருவர் திருநாளை மற்றவர் கொண்டாடுவதும், ஓட்டப் பந்தயம் வைப்பதுமாகப் பொழுது கழிந்தது.

முடிவில் 1871ஆம் ஆண்டு வாஷிங்டன் உடன்படிக்கையின்படி வழக்கு ஒரு நடுவரிடம் போயிற்று. நடுவர் ஜெர்மானியப் பேரரசர் முதலாம் வில்லியம். 1872 அக்டோபர் 21ஆம் தேதி அவர் அமெரிக்காவின் பக்கம் தீர்ப்பளித்தார். அடுத்த மாதமே பிரிட்டிஷார் வெளியேறினார்கள். எல்லைக்கோட்டின் ஒரு சொல்லால் தொடங்கிய வழக்கில், இரு தரப்பும் மோதி இறந்த உயிர் அந்தப் பன்றி ஒன்றுதான். பழைய பிரிட்டிஷ் முகாம் இன்று அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பூங்காவுக்குள் இருக்கிறது. பூங்கா ஊழியர்கள் அங்கே பிரிட்டனின் கொடியை ஏற்றுகிறார்கள். அமெரிக்க அரசு ஊழியர் வேற்று நாட்டுக் கொடியை ஏற்றும் அரிய இடங்களுள் அது ஒன்று.

மலைச்சாரல்

நாய்க் கதைக்குச் சுருக்கமாக ஒரு குறிப்பு. 1925 அக்டோபரில் கிரேக்க-பல்கேரிய எல்லையில் ஒரு கிரேக்க வீரர் சுடப்பட்டதும், ஜெனரல் பங்காலோஸின் கிரேக்க அரசு பெட்ரிச் நகரத்தை நோக்கிப் பல்கேரியாவுக்குள் படையை அனுப்பியதும் உறுதியான செய்திகள். அந்த வீரர் தம் நாயைத் துரத்திக்கொண்டு எல்லையைத் தாண்டினார் என்பது நிகழ்ச்சிக்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று மட்டுமே. ஐ.நா. சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் தலையிட்டுச் சண்டையை நிறுத்தியது. கிரேக்கம் 45,000 பவுண்டு இழப்பீடு தர வேண்டும் என்று முடிவாயிற்று. பொதுமக்கள் உட்படப் பலர் இறந்த நிகழ்ச்சி இது. ஆசிரியர் தவறாக எண்ண வேண்டாம். இதை விசித்திரங்கள் பக்கத்தில் போட எனக்கு மனம் ஒப்பவில்லை.

எலிவளை

ஈமுவைப் பற்றி விரிவாக எழுதிய நண்பர், அதன் பின்கதையைச் சொல்லாமல் நிறுத்திவிட்டார். 1934, 1943, 1948 ஆகிய ஆண்டுகளிலும் உழவர்கள் இராணுவத்தைக் கேட்டார்கள். அரசு ஒவ்வொரு முறையும் மறுத்துவிட்டது. இராணுவத்தை அனுப்புவதற்குப் பதிலாக, கொன்ற பறவைக்கு இவ்வளவு என்று சன்மானம் தரும் முறையைக் கையாண்டார்கள். 1934இல் ஆறே மாதத்தில் 57,034 ஈமுக்களுக்குச் சன்மானம் பெறப்பட்டது. இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் ஒரு மாதத்துக்கு மேல் செய்த வேலையைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல். தணிக்கையாளர் ஐயா இந்த எண்ணையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

சன்மானம் என்றதும் எனக்கு ஹனோய் நினைவுக்கு வருகிறது, அதை இந்த இதழில் சேர்க்கலாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியட்நாம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆளுநர் பால் டூமர் ஹனோய் நகரத்தைப் பாரிஸைப் போல ஆக்க வேண்டும் என்று அகலத் தெருக்களையும், பிரெஞ்சுக் குடியிருப்புகளின் அடியில் பாதாளச் சாக்கடைகளையும் அமைத்தார். பாதாளச் சாக்கடை நாகரிகத்தின் சின்னம் என்று மனிதர்கள் நினைத்தார்கள். இருட்டு, ஈரம், உணவு, பாம்புக்கும் பருந்துக்கும் எட்டாத இடம் இவையெல்லாம் ஒருங்கே அமைந்த அரண்மனை என்று எலிகள் நினைத்தன. அந்த வழியாகவே மேலேறி, ஊரிலேயே விலையுயர்ந்த வீடுகளின் கழிப்பறைகளில் அவை தலைகாட்டின. பிளேக் நோயின் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் யெர்சன் கண்டறிந்திருந்தார். அந்த நோய்க்கும் எலிக்கும் உள்ள தொடர்பும் அப்போது தெரிய வந்திருந்தது. ஆகவே அச்சத்துக்குக் காரணம் இருந்தது.

1902இல் கூலிக்கு ஆள் வைத்துச் சாக்கடைக்குள் இறக்கி எலி பிடித்தார்கள். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் பிடிபட்டன. ஒரே நாளில் இருபதாயிரத்தைத் தாண்டியதும் உண்டு. எலிகள் குறைந்தபாடில்லை. எனவே பொதுமக்கள் எவரும் எலியைக் கொல்லலாம், ஒரு வாலுக்கு ஒரு செண்ட் தரப்படும் என்று அறிவித்தார்கள். முழு எலியைக் கொண்டுவரச் சொன்னால் பிணங்களை எங்கே புதைப்பது என்ற கவலை அரசுக்கு. அதனால் வால் போதும் என்றார்கள். வால்கள் குவிந்தன. அரசு மகிழ்ந்தது. சில காலம் கழித்து, வாலில்லாத எலிகள் நகரத்தில் சுறுசுறுப்பாக ஓடித் திரிவதை அதிகாரிகள் கண்டார்கள். வாலை நறுக்கிக்கொண்டு எலியை விட்டுவிட்டால், அது குட்டி போடும். குட்டிக்கும் வால் இருக்கும். இன்னும் முன்யோசனை உள்ளவர்கள் புறநகரில் எலிப் பண்ணையே வைத்திருந்தது பின்னர் தெரியவந்தது. திட்டம் கைவிடப்பட்டது.

இதே போன்ற கதையை டெல்லியில் நாகப்பாம்புக்கு ஆங்கிலேயர் சன்மானம் கொடுத்ததாகவும், மக்கள் பாம்பு வளர்த்ததாகவும் சொல்வார்கள். பொருளாதாரம் பேசுவோர் அதை மேற்கோள் காட்டாத நாளில்லை. ஆனால் ஆண்டும் இல்லை, ஆணையும் இல்லை, அதிகாரி பெயரும் இல்லாமல் அது உலவுகிறது. ஹனோய்க் கதைக்கோ பிரெஞ்சு நிர்வாக ஆவணங்களில் நாள்வாரியாக எலிக் கணக்கே இருக்கிறது. மாணவர்கள் பாம்பை எழுதிக்கொண்டு வந்தால் எலியைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பெருந்துறையான்

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாள்களாக இப்பதில்களை மாணவர்களோடு அமர்ந்து படித்தேன். நாய் நீக்கப்பட்டது. பன்றி நிற்கிறது, ஆனால் தலைப்பு 'எந்தக் கால்வாய்?' என்று மாறிவிட்டது. அதை மாற்றியது நானல்ல, எழுதிய மாணவியே. எலிக்கு இரண்டு பேர் போட்டியிடுகிறார்கள். எலிப் பண்ணை என்ற இடத்தில் வகுப்பே சிரித்தது. பெற்றோர் ஈமு வளர்த்த ஒரு மாணவன் மட்டும் சிரிக்காமல், "பண்ணை வெச்சவங்களுக்கு அப்புறம் காசு வந்துச்சா சார்?" என்று கேட்டான்.

ஈமுவைப் பற்றிய வாக்கியத்தை அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் இப்படித் திருத்தி எழுதியிருக்கிறான்: "1932ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில், மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை விலை வீழ்ச்சியால் நொந்திருந்த முன்னாள் போர்வீரர்களின் வயல்களைக் காக்க, ஆஸ்திரேலிய இராணுவம் மூன்று பேரையும் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளையும் அனுப்பியது, அவர்கள் தந்த கணக்கின்படி 986 ஈமுக்கள் இறந்தன, மற்றவை தொடர்ந்து கோதுமையைத் தின்றன." இதில் பிழை ஏதும் இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஒட்ட வேண்டும்.

இன்னொரு சிறு ஐயம். பன்றிக் கட்டுரையில், "உன் பன்றி என் கிழங்கைத் தின்கிறது" என்று கட்லர் சொன்னதாகவும், "உன் கிழங்கைப் பன்றியிடமிருந்து விலக்கி வைப்பது உன் பொறுப்பு" என்று கிரிஃபின் பதில் சொன்னதாகவும் ஓர் உரையாடல் வருகிறது. வைத்துக்கொள்ளலாமா?

கடல்வழி

அந்த உரையாடலை நீக்கிவிடச் சொல்லுங்கள்; அது கதையாகச் சொல்லப்பட்டு வருவதே தவிர, இருவரும் பேசியதை அருகே நின்று எழுதியவர் எவரும் இல்லை. அதன் இடத்தில் அட்மிரல் பேன்ஸின் மறுப்பைப் போடலாம். கால்வாய்கள் இரண்டையும் காட்டும் ஒரு சிறு வரைபடத்தை மாணவி கையாலேயே வரைந்து ஒட்டினால், படிப்பவர்களுக்கு வழக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும்.

சிற்றோடை

ஈமு வாக்கியத்தில் பிழையில்லை. 'தொடர்ந்து' என்ற சொல்லை மட்டும் நானாக இருந்தால் அடிக்கோடிடுவேன். அந்த மாணவனின் கேள்விக்கு எவரேனும் பதில் சொன்னீர்களா?

பெருந்துறையான்

சொன்னேன் ஐயா. திட்டம் நின்ற நாளில் கையில் வால் வைத்திருந்தவருக்குக் காசு கிடைத்திருக்காது, எலி வைத்திருந்தவருக்கு எலி மிஞ்சியிருக்கும் என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, எலிக் கட்டுரையைத் தானே எழுதுவதாகச் சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு போனான்.